நீல நிற இன்ஹேலர் மட்டும் போதுமா?
ஆஸ்துமா பற்றிய மருத்துவ ஆய்வுகள் நமக்குச் சொல்வது என்ன?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகுந்துவிடும். உயிர்வாழ்ச் சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் அது. மும்பை மாட்டுங்காவில் நான் பணியாற்றிய நாட்களில், இரயில்வே பணிமனையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முதல் தளத்தில் இருந்த எங்கள் பிரிவுக்குப் படியேறி வந்தார். நாற்காலியில் அமர்ந்தவரால் உடனே பேச இயலவில்லை. சட்டைப் பையில் பாஸ்புத்தகத்தோடு வைத்திருந்த நீல நிற இன்ஹேலரை எடுத்து இருமுறை உள்ளிழுத்தார். சில நிமிடங்களில் மூச்சு சீரடைந்தது.

"பயப்படாதீர்கள் தம்பி. இது கையில் இருக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது. மாதம் ஒன்று தவறாமல் வாங்கிவிடுவேன்" என்றார்.

நான் வணிகவியல் படித்தவன், மருத்துவன் அல்லன். ஆயினும் அவர் சொன்ன 'மாதம் ஒன்று' என்ற கணக்கு என் மனத்தில் நின்றுவிட்டது. அத்தகைய இன்ஹேலர் ஒன்றில் பொதுவாக 200 முறை உள்ளிழுப்பதற்கான மருந்து இருக்கும். மாதத்தில் ஒன்று தீர்கிறதென்றால் நாளொன்றுக்கு ஆறு அல்லது ஏழு முறை. இந்த எண் நலத்தின் அடையாளமா, ஆபத்தின் அறிகுறியா? எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டபோது, இதே கேள்விக்கு விடை காண உலகின் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடந்திருக்கிறது என்றார். அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூச்சுக்குழாயில் நடப்பது என்ன?

ஆஸ்துமாவில் இரண்டு செயல்கள் ஒருசேர நிகழ்கின்றன. மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன; இது கண நேரத்தில் நிகழ்வது. குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி சுரக்கிறது. இதனை அழற்சி என்பர். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள், கரப்பான் பூச்சியின் கழிவு, பூஞ்சை, மகரந்தம் முதலியவற்றால் ஏற்படும் ஒவ்வாமை பலருக்கு இந்த அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது.

சால்புட்டமால் அடங்கிய நீல நிற இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும். உடனடி நிவாரணம் கிடைக்கும். ஆனால் உட்சுவரின் வீக்கம் அப்படியே இருக்கும். அதனைக் குறைப்பது, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. நம் வாடிக்கையாளர்களுக்குப் பழகிய மொழியில் சொல்வதானால், முன்னது மாதக் கடைசியில் வாங்கும் கைமாற்று. பின்னது வரவு செலவையே சீர்செய்வது. கைமாற்று கிடைத்துக்கொண்டே இருப்பதால் பற்றாக்குறை தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம்.

நியூசிலாந்து கற்பித்த பாடம்

1960-களில் ஐசோபிரினலின் என்ற நிவாரண மருந்தின் வீரியம் மிகுந்த இன்ஹேலர் விற்கப்பட்ட பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. 1976-இல் ஃபெனோடெரால் என்ற மற்றொரு நிவாரண மருந்து நியூசிலாந்தில் அறிமுகமான பின் அங்கும் இறப்புகள் பெருகின. வெலிங்டன் நகர ஆய்வாளர்கள் இறந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளை மற்ற நோயாளிகளின் குறிப்புகளோடு ஒப்பிட்டு, 1989-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். ஃபெனோடெரால் பயன்படுத்தியவர்களிடையே இறப்பு மிகுதி என்பதே அது.

உடனே எதிர்வாதம் எழுந்தது. நோய் முற்றியவர்களுக்குத்தானே அந்த மருந்து அதிகம் தரப்பட்டிருக்கும்? அப்படியானால் இறப்புக்குக் காரணம் மருந்தா, நோயின் கடுமையா? இது நியாயமான கேள்வியே. அதிகக் கடன் வாங்கியவர் நொடித்துப்போனால், கடன் அவரை நொடிக்கச் செய்ததா, நொடிந்துகொண்டிருந்ததால் கடன் வாங்கினாரா என்று நாங்களும் ஆராய வேண்டியிருக்கிறது. அந்த மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டபின் நியூசிலாந்தில் இறப்புகள் விரைந்து குறைந்தது ஆய்வாளர்களின் முடிவுக்கு வலுச் சேர்த்தது.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. முந்தைய ஓராண்டில் கூடுதலாக வாங்கப்பட்ட ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் இறப்பு விகிதம் 21 விழுக்காடு குறைந்து காணப்பட்டது.

குலுக்கல் முறை ஏன்?

பழைய பதிவேடுகளைப் புரட்டுவதால் மட்டும் காரணத்தை ஐயமற நிறுவ இயலாது. அதற்காகவே குலுக்கல் முறை ஆய்வுகள் நடத்தப்படுகின்றன. யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போலத் தற்செயலாக ஒதுக்கப்படுகிறது. இதனால் நோய் முற்றியவர், இளையவர், முதியவர் ஆகியோர் எல்லாக் குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாக அமைந்துவிடுவர். மேலும், தமக்குக் கிடைத்தது எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. விருப்பு வெறுப்பு முடிவைப் பாதிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

2018-இல் முடிவு வெளியான 'சிக்மா-1' என்ற பன்னாட்டு ஆய்வு இவ்வகையைச் சேர்ந்தது. இலேசான ஆஸ்துமா கொண்ட, 12 வயதும் அதற்கு மேலும் ஆன 3,849 பேர் ஓராண்டுக் காலம் இதில் பங்கேற்றனர். ஒவ்வொருவருக்கும் தினமும் இருவேளை பயன்படுத்த ஓர் இன்ஹேலரும், தேவைப்படும்போது பயன்படுத்த மற்றோர் இன்ஹேலரும் தரப்பட்டன.

முதற்குழுவுக்குத் தினசரி இன்ஹேலரில் மருந்தற்ற போலிப் பொருள். தேவைக்கு, நிவாரண மருந்தாகிய டெர்புட்டலின் மட்டும். இரண்டாம் குழுவுக்கும் தினசரி இன்ஹேலர் போலியே. ஆனால் தேவைக்குத் தரப்பட்டதில் பியூடெசோனைட் என்ற ஸ்டீராய்டும், விரைந்து செயல்படும் ஃபார்மோடெரால் என்ற மருந்தும் சேர்ந்திருந்தன. மூன்றாம் குழுவுக்குத் தினமும் இருவேளை பியூடெசோனைட்; தேவைக்கு டெர்புட்டலின்.

ஆண்டு முடிவில் கணக்கிட்டபோது, நூறு பேருக்கு ஓராண்டில் ஏற்பட்ட கடுமையான நோய்த்தாக்குதல்கள் முதற்குழுவில் 20, இரண்டாவதில் 7, மூன்றாவதில் 9. இரண்டாம் குழுவினர் பயன்படுத்திய ஸ்டீராய்டின் அளவோ மூன்றாம் குழுவினருடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். அதேவேளை, அன்றாட அறிகுறிகளைக் கட்டுக்குள் வைப்பதில் தினமும் ஸ்டீராய்டு பயன்படுத்திய மூன்றாம் குழுவே முன்னிலை வகித்தது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் பதிவு செய்தனர்.

அடுத்த ஆண்டு வெளியான 'நாவல் ஸ்டார்ட்' ஆய்வு, நியூசிலாந்து, பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 668 பெரியவர்களிடம் நடந்தது. அன்றாட வாழ்க்கைச் சூழலில் மருந்து எவ்வாறு பயன்படுகிறது என்பதை அறிய விரும்பியதால், இதில் மருந்தின் பெயர் மறைக்கப்படவில்லை. சால்புட்டமால் மட்டும் பயன்படுத்தியவர்களோடு ஒப்பிட, கூட்டு இன்ஹேலர் பயன்படுத்தியவர்களிடம் நோய்த்தாக்குதல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

மாறிய பரிந்துரை

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு, 2019-இல் தன் பரிந்துரையை மாற்றியது. பெரியவர்களுக்கும் 12 வயதைக் கடந்த சிறார்களுக்கும் விரைவு நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியே கொடுப்பது இனிக் கூடாது; நோய் இலேசானதாயினும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஏதேனும் ஒரு வகையில் சிகிச்சையில் இடம்பெற வேண்டும் என்றது. 200 முறைக்கான நிவாரண இன்ஹேலர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ செலவாவது கடுமையான நோய்த்தாக்குதலுக்கான ஆபத்தையும், பன்னிரண்டோ அதற்கு மேலோ செலவாவது இறப்புக்கான ஆபத்தையும் உணர்த்துவதாக அவ்வழிகாட்டி எச்சரிக்கிறது. பெரியவர் பெருமையோடு சொன்ன 'மாதம் ஒன்று' சரியாக அந்த எல்லையில் நிற்கிறது.

நம் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா உள்ளது. உலக நோயாளிகளில் இது 13 விழுக்காடு. ஆனால் ஆஸ்துமா இறப்புகளில் நம் பங்கு 40 விழுக்காட்டுக்கும் மேல். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தால் மாத்திரையை நாடுவோர் இன்றும் பலர். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரில் ஒருமுறை உள்ளிழுப்பது 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் இருபது முதல் நாற்பது மடங்கு அதிகம்.

வாசகர்கள் கவனத்திற்கு

1. கடந்த ஓராண்டில் எத்தனை நிவாரண இன்ஹேலர்கள் வாங்கினீர்கள் என்று மருந்துக்கடை இரசீதுகளை வைத்து எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2. மருந்தைத் தாமாகவே மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். எல்லாக் கூட்டு இன்ஹேலர்களும் அவசர நிவாரணத்துக்கு உரியவை அல்ல.

3. நாற்பது வயதைக் கடந்தோர், புகைபிடித்தோர், விறகடுப்புப் புகையில் நெடுங்காலம் சமைத்தோர் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆஸ்துமாவைப் போலவே தோன்றும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குச் சிகிச்சை முறை வேறு.

4. ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்தியபின் வாய் கொப்பளிப்பது அவசியம்.

5. நிவாரண மருந்தால் மூச்சுத்திணறல் தணியாவிட்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவ ஆய்வில் பங்கேற்குமாறு உங்களையோ உங்கள் குடும்பத்தினரையோ எவரேனும் அழைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் படிக்காமல் கையொப்பமிடவும் கூடாது. இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் மருத்துவ ஆய்வுகளை, எவரும் பார்க்கக்கூடிய தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பங்கேற்பாளரின் எழுத்துபூர்வ இசைவும் தேவை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. கடன் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் அதே கவனத்தோடு இசைவுப் படிவத்தையும் படியுங்கள்.

அந்தப் பெரியவரிடம் நான் கணக்கை மட்டுமே சொன்னேன்: "ஐயா, ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆகிறது. இதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்." மறு நவம்பரில் வந்தபோது அவரிடம் வேறு நிறத்தில் ஓர் இன்ஹேலர் இருந்தது. மருத்துவர் சிகிச்சையை மாற்றியிருந்தார். "நீலத்தை எடுத்து மூன்று மாதம் ஆகிறது தம்பி" என்று சொல்லிக்கொண்டே, உயிர்வாழ்ச் சான்றிதழில் கையொப்பமிட்டார்.