கோப்பையைத் தீர்மானிக்கும் மாற்று வீராங்கனைகள்: கல்லூரி கூடைப்பந்து உணர்த்தும் பாடம்

அமெரிக்க மகளிர் கல்லூரி கூடைப்பந்தில் ஓர் அணிக்காக ஒரே நேரத்தில் களத்தில் ஆடுவது ஐந்து பேர்தான். எனினும், வெளியே காத்திருக்கும் மாற்று வீராங்கனைகளின் பலமே பல நேரங்களில் பட்டத்தைத் தீர்மானிக்கிறது.

கிளீவ்லேண்டில் 2024 ஏப்ரல் 7-ஆம் தேதி நடைபெற்ற தேசிய இறுதி ஆட்டம் இதற்குச் சான்று. அயோவாவின் நட்சத்திர வீராங்கனை கெயிட்லின் கிளார்க் 30 புள்ளிகள் குவித்தபோதும், சவுத் கரோலினா 87-75 என்ற கணக்கில் வென்றது. அந்த அணியின் மாற்று வீராங்கனைகள் மட்டும் 37 புள்ளிகள் எடுத்தனர். அயோவாவின் மாற்று வீராங்கனைகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மாற்று வீராங்கனையாகக் களமிறங்கிய முதலாமாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் 19 புள்ளிகளுடன் தனது அணியில் முதலிடம் பிடித்தார்.

40 நிமிட ஆட்டத்தில் ஐந்து 'ஃபவுல்' செய்பவர் வெளியேற வேண்டும் என்பது விதி. தகுதியான மாற்று வீராங்கனைகள் இருந்தால் அந்த இழப்பைச் சமாளிக்கலாம். முன்னணி வீராங்கனைகளுக்கு ஓய்வளித்து, கடைசிக் கால்பகுதி வரை வேகம் குறையாமல் ஆடலாம்.

கல்லூரி அணிகளில் மூத்த மாணவிகள் விடைபெறுவது வாடிக்கை. முந்தைய ஆண்டின் தொடக்க ஐவர் அனைவரும் விலகிய பிறகும், டான் ஸ்டேலியின் பயிற்சியில் சவுத் கரோலினா 38 ஆட்டங்களிலும் வென்றது. அதற்கு முந்தைய ஆண்டில் மாற்று வீராங்கனையாக இருந்த கமிலா கார்டோசோவே இறுதிச் சுற்றின் தலைசிறந்த வீராங்கனையாகத் தேர்வானார்.