நுண்கடனும் தவணைக் காலமும்: வள்ளியூர் வட்டாரத் தொழில்களை முன்வைத்து

ஈடு வைக்கச் சொத்தில்லாத குடும்பங்களுக்கு வழங்கப்படும் சிறுதொகைக் கடன் நுண்கடன் எனப்படும். தமிழகத்தில் இதற்கு அடித்தளமிட்டவை 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆகும். 1992இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. குழுவின் சேமிப்பும் கூட்டுப் பொறுப்புமே ஈட்டின் இடத்தைப் பெற்றன. பின்னர் தனியார் நுண்கடன் நிறுவனங்களும் பெருகின.

கடன் தொழிலாக மாறுவது தொகையை மட்டும் பொறுத்ததன்று. தவணைக் காலத்தையும் பொறுத்தது. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள வள்ளியூர் வட்டாரத் தொழில்கள் இதனைத் தெளிவாக்கும். கறவை மாடு பால் தரும் காலத்தில் நாள்தோறும் வருவாய் உண்டு. ஆட்டுக்குட்டி விற்பனைக்கு வளரப் பல மாதங்களாகும். பதநீர் இறக்கும் பருவத்தில்தான் கருப்பட்டி காய்ச்ச இயலும். இவை அனைத்திற்கும் ஒரே வாரத் தவணை விதிக்கப்படின், ஆடு வளர்ப்பவர் பீடி சுற்றும் கூலியிலிருந்தோ மற்றொரு கடனிலிருந்தோ அதனைச் செலுத்த நேரிடும். வளருமுன்னரே குட்டியை விற்கவும் நேரிடும்.

2022ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் வங்கி நெறிமுறை, ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரம்பிடுகிறது. கடன் பெறுவோரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை நெகிழ்த்தவும் அது வகைசெய்கிறது. இந்நெகிழ்வு நடைமுறைக்கு வரும்போதே கடன் தொழிலுக்கு முதலாகும்.