ஆடும் நாற்காலியும் அரை இஞ்சுத் தையலும்

முதலாண்டு ஒர்க் ஷாப்பில், கார்பெண்டரி பிரிவில் நாம் எல்லோரும் ஒரு மார்ட்டிஸ் அண்ட் டெனான் ஜாயின்ட் செய்தோம். பாதிப் பேருக்கு அது லூஸாகத்தான் வந்தது. இடைவெளியில் மரத்தூளைத் திணித்து, பசையைப் பூசி மார்க் வாங்கிய கதை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே ஜாயின்ட்தான் வீட்டு மர நாற்காலியையும் தாங்கி நிற்கிறது என்று எனக்கு உறைத்தது, எங்கள் அப்பத்தா கீழே விழுந்த அன்றுதான்.

தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி அது. ஆட ஆரம்பித்திருந்தது. "மெக்கானிக்கல் படிக்கிறியேடா, இதைக் கொஞ்சம் பாக்கக் கூடாதா?" என்று அப்பத்தா கேட்டதும், ரெண்டு இஞ்சு ஆணி நாலு எடுத்து மூலைக்கு ஒன்றாக அடித்தேன். ஆட்டம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை! மூன்றாம் மாதம், ஆணி அடித்த இடத்திலேயே பின்கால் பிளந்து, நாற்காலி அப்பத்தாவோடு சாய்ந்தது. மணிக்கட்டில் நல்ல வீக்கம். எலும்பு தப்பியது. "நாற்காலி பழசுடா, நீ என்ன பண்ணுவே" என்று அப்பத்தாவே எனக்குப் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

தெருக்கோடி ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பார்வை பார்த்தார். "மரம் மூச்சு விடும் தம்பி. நீ ஆணி வெச்சு மூக்கை அடைச்சிட்டே" என்றார்.

அவர் சொன்னதற்கு நம் பாஷையில் அர்த்தம் இதுதான். மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. பச்சைத் தேக்கை முழுக்க உலர்த்தினால், வளைய வரிகளின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம், நீளவாக்கில் அரை சதவீதம்கூட இல்லை. வீட்டில் இருக்கும் நாற்காலியில் இந்த அசைவு இதைவிட மிகக் குறைவுதான். ஆனால் வருஷா வருஷம் நடக்கும். ஜாயின்ட்டில் துளை உள்ள காலின் இழை ஒரு பக்கம் ஓடுகிறது, துளைக்குள் போகும் நாக்கின் இழை குறுக்கே ஓடுகிறது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நடுவில் மாட்டிய பசை ஒருநாள் விட்டுவிடும். அங்கே ஆணி அடித்தால் அது ஆப்பு மாதிரி இழையைப் பிளக்கும். நான் செய்தது அதைத்தான்.

சரி, எப்படிச் சரி செய்வது? முதலில் சாக்பீஸால் ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் போடுங்கள். பிரித்த பிறகு எது எந்தக் கால் என்று முழிக்க வேண்டாம். ஆணியைக் குறடால் பிடுங்கி, துணியை வைத்துக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டிப் பிரியுங்கள். அடுத்தது பழைய பசை. நாம் ஏமாறும் இடம் இது. காய்ந்த வெள்ளைப் பசையின்மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. மரம் தெரிகிறவரை சுரண்ட வேண்டும். பழங்கால வஜ்ஜிரப் பசை என்றால் வெந்நீர்த் துணி போட்டாலே இளகிவிடும். மரத்தையே சுரண்டிவிடாதீர்கள், நாக்கு மெலிந்து போகும். ஏற்கெனவே மெலிந்திருந்தால் இழைப்புளிச் சீவலைப் பசை தடவி நாக்கின்மேல் ஒட்டி, தேவையான அளவுக்குச் செதுக்கலாம். மரத்தூள் திணிக்கும் நம் முதலாண்டு வித்தை இங்கே செல்லாது!

பசை தடவி மாட்டியதும் இறுக்க வேண்டும். கிளாம்ப் இல்லையே என்று கவலை வேண்டாம். கால்களைச் சுற்றி ரெண்டு சுற்றுக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். கயிறு அழுந்தும் இடத்தில் துணி வையுங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து அளவு சரியா, நாலு காலும் தரையில் படுகிறதா என்று பசை காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும். வழிந்த பசையை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அங்கே பாலீஷ் ஏறாது. ஒரு முழு நாள் தொடாதீர்கள். பிளந்த காலுக்கும் இதே பசை, இதே கயிறுதான்.

பாலீஷுக்கு 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220, இழையோட்டத்திலேயே தேய்க்கவும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாகப் பல தடவை பூசலாம். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு உண்டாகி, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

அடுத்தது மெத்தை உறை. எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது அம்மாவின் தையல் மெஷின். அதைத் தொட அனுமதி வாங்குவதுதான் இந்தப் புராஜெக்ட்டிலேயே கஷ்டமான ஜாப்! 16 இஞ்சு சதுர மெத்தைக்கு, ஜிப் இல்லாத உறைக்கு 17க்கு 38 இஞ்சுத் துணி வேண்டும். காட்டன் என்றால் முதலில் நனைத்துக் காய வையுங்கள், இல்லையேல் முதல் சலவைக்குப் பின் மெத்தை உள்ளே போகாது. 38 இஞ்சில் இரு முனையிலும் ஒவ்வொரு இஞ்சு மடித்துத் தைத்தால் மிச்சம் 36. முன்பக்கம் 16, பின்பக்கம் 16, ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு 4. நல்ல பக்கம் உள்ளே இருக்க மடித்து, இரு ஓரமும் அரை இஞ்சு விட்டுத் தைத்துத் திருப்பினால் உறை ரெடி.

எனக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டது. பாபின் கோளாறு என்று அதைக் கழற்றப் போனேன். "டேய், கையை எடு!" என்று அம்மா ஓடி வந்தது. தப்பு மேலே இருந்தது. 1846-ல் எலியாஸ் ஹோவ் பேடன்ட் வாங்கிய பூட்டுத் தையல்தான் இன்றும் நம் வீட்டு மெஷினில். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் பின்ன வேண்டும். மேல் நூலில் இழுப்பு இல்லாவிட்டால் அது கீழே போய்ச் சுருளும். நான் அழுத்தும் கட்டையை இறக்கிவைத்து நூல் கோத்ததால், டென்ஷன் தட்டுகள் மூடியிருந்து நூல் உள்ளேயே இறங்கவில்லை. கட்டையைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தேன், தையல் ஒழுங்காக விழுந்தது.

நாற்காலியை அப்பத்தா முன்னால் வைத்தேன். அப்பத்தா நாலு காலையும் ஆட்டிப் பார்த்தது. மெத்தையைத் தடவியது. பிறகு, "முதல்ல நீ உக்காருடா" என்றது. உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் எழுந்திருக்க விடவில்லை.