பள்ளிக்கும் உண்டு தேர்வு

மாணவனுக்குத் தேர்வு உண்டு. பள்ளிக்கு? அதற்கும் உண்டு. 'சாலா சித்தி' என்பது அதன் பெயர். புதுதில்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிருவாக நிறுவனம் 2015-இல் வகுத்த முறை இது. இதில் வினாத்தாளும் விடைத்தாளும் பள்ளியின் கையிலேயே. குடிநீர், கழிவறை, கற்பித்தல், மாணவர் வருகை, பெற்றோர் பங்கேற்பு என 7 களங்களில் 46 தரநிலைகள். ஒவ்வொன்றிலும் தான் 1, 2, 3 என்னும் நிலைகளுள் எதில் நிற்கிறது என்பதைச் சான்றுடன் பள்ளி குறிக்கவேண்டும். பின்னர், முதலில் திருத்தவேண்டியது எது என்று தேர்ந்து மேம்பாட்டுத் திட்டம் தீட்டவேண்டும்.

எல்லாவற்றிற்கும் 3 போட்டுவிடும் ஆசைதான் இதிலுள்ள இடர். கழிவறைக்கு 3 போட்ட பள்ளி, கழிவறைக்கு நிதி கேட்பது எங்ஙனம்?

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெற்றோர் பலர். வருகைப் பதிவேடு 'வரவில்லை' என்று மட்டுமே சொல்லும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டில் நின்றுவிட்டதைச் சொல்லாது. அதைச் சொல்லத்தக்கவர் தாயார்தாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவே. சட்டம் நன்று, ஆனால் கூட்டம் பிற்பகல் 3 மணிக்கு! வந்தால் அன்றைய கூலி போயிற்று. என் அன்னையும் இப்படித்தான் போகாதிருந்தார்.

ஜீப்புகள் திரும்பியபின் மாலை 7 மணிக்குக் கூட்டம் வைத்துப் பார்க்கட்டும். எந்தப் பிள்ளை எதனால் நின்றது என்பதற்குச் சான்று அன்றே கிடைக்கும்.