கசையிழை உட்கடத்தல்

கசையிழை உட்கடத்தல் என்பது உயிரணுக்களின் குறு இழைகளுக்கும் (சிலியா) கசையிழைகளுக்கும் உள்ளே கட்டுமானப் புரதங்களை ஏற்றிச் சென்று, பயன் முடிந்தவற்றைத் திரும்பக் கொணரும் நிகழ்வாகும். இவ்விழைகளுள் புரதம் ஆக்கும் ரைபோசோம்கள் இல்லை. இழை வளர்வதோ அதன் நுனியில். எனவே உயிரணுவின் உடற்பகுதியில் ஆக்கப்படும் பொருட்கள் அடியிலிருந்து நுனி வரை சுமந்து செல்லப்பட வேண்டியுள்ளது.

கண்டுபிடிப்பு

1993ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் கீத் கோஸ்மின்ஸ்கி, ஜோயல் ரோசன்பாம் முதலானோர் கிளாமிடோமோனாஸ் என்னும் ஒற்றை உயிரணுப் பச்சைப் பாசியின் கசையிழையில் துணிக்கைகள் இருதிசையிலும் ஓயாது நகர்வதைக் கண்டனர். கசையிழையின் வீச்சுக்கும் இந்நகர்வுக்கும் தொடர்பில்லை.

செயல்முறை

கடத்தற் புரதங்கள் 'ஏ', 'பி' என இரு தொகுதிகளாக அமைகின்றன. முன்னதில் 6, பின்னதில் 16 புரதங்கள் உள்ளன. இவை தொடர்வண்டிப் பெட்டிகள் போல் வரிசையாக இணைந்து சரக்கை ஏற்கின்றன. நுண்குழல்களின் மூலப்பொருளான டியூபுலினை 'பி' தொகுதியின் இரு புரதங்கள் பற்றிக்கொள்வதை 2013இல் சாகர் போகராஜு முதலானோர் காட்டினர்.

கைனசின்-2 என்னும் இயக்கிப் புரதம் இத்தொடரை நொடிக்கு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் வேகத்தில் நுனிக்கு இழுக்கிறது. டைனீன்-2 அதனினும் விரைவாக அடிக்குத் திருப்புகிறது. இழையிலுள்ள 9 இரட்டை நுண்குழல்களில் ஒரு குழல் செல்வதற்கும் மற்றது திரும்புவதற்கும் பயன்படுவதால் தொடர்கள் மோதுவதில்லை என்பது 2016இல் தெரியவந்தது.

வளர்ந்து முடிந்த இழையின் நுனியிலும் டியூபுலின் இடைவிடாது கழன்றுகொண்டே இருக்கும். ஆகவே கடத்தல் நின்றால் இழை தன் நீளத்தைக் காக்க இயலாது. வெப்பத்தில் கைனசின்-2 செயலிழக்கும் பாசி வகையில், வெப்பநிலை உயர்ந்தபின் கசையிழைகள் படிப்படியாகக் குறுகி மறைகின்றன.

இந்திய ஆய்வு

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிருஷானு ரே குழுவினர் 2003இல் பழ ஈயில் இதனை ஆராய்ந்தனர். ஒலியுணரும் நரம்பணுக்களின் குறு இழைகள் உருவாகக் கைனசின்-2 இன்றியமையாதது. விந்தணுவின் வாலுக்கு அது தேவையில்லை. பழ ஈயின் விந்தணு வால் உயிரணுவின் உட்பாய்மத்திலேயே கட்டப்படுவதால் தொலைவிலிருந்து பொருள் சுமக்க வேண்டியதில்லை என்பது இதற்கான விளக்கமாகும்.

நோய்கள்

2000ஆம் ஆண்டில், பாசியின் கடத்தற் புரதம் ஒன்றுக்கு இணையான மரபணு பழுதுற்ற சுண்டெலிகளின் சிறுநீரகத்தில் குறு இழைகள் குட்டையாக இருப்பதும், அதே சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் பெருகுவதும் அறியப்பட்டது. பயனற்ற எச்சமென அதுவரை பலரும் கருதிய சிறுநீரகக் குறு இழைகள் இதனால் மருத்துவ முக்கியத்துவம் பெற்றன. விழித்திரையின் ஒளியுணர் உயிரணுக்களும் குறு இழை வழியாகவே தம் வெளிப்பகுதிக்குப் புரதங்களைப் பெறுகின்றன. இக்கடத்தல் பழுதுபட்டால் பார்வை இழப்பு நேரலாம்.