வெற்றி இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை

2014 நவம்பர் 15, ரஷ்யாவின் சோச்சி. உலகச் சதுரங்கச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் ஆறாவது ஆட்டம். ஆனந்தும் கார்ல்சனும் ஆளுக்கு 2.5 புள்ளி. ராணிகள் வெட்டுப்பட்டுவிட்டன; ஆனந்த் நெருக்கடியில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். 26ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2 கட்டத்தில் வைத்தார். படுமோசமான தவறு அது.

ஆனந்தின் கறுப்புக் குதிரை இ5 சிப்பாயை வெட்டியிருக்க வேண்டும். வெள்ளை யானை கறுப்பு யானையை வெட்டட்டும், பரவாயில்லை. குதிரை சி4 சிப்பாயையும் வெட்டி ‘செக்’ வைக்கும். பி2வுக்குத் தாவி இன்னொரு ‘செக்’ வைக்கும். அதன் பிறகு மற்ற யானை பழிதீர்க்கும். இரண்டு சிப்பாய் லாபம். ஆனந்தோ ஓரத்துச் சிப்பாயை ஏ4க்குத் தள்ளினார். 38 நகர்த்தல்களில் தோற்றார். தொடரும் 6.5–4.5 என்று கைநழுவியது.

பாகான் செராய் ஊரில் சதுரங்கம் பழகும் பிள்ளைகளிடம் இந்த நிலையை வைத்து, “கறுப்புக்கு வெற்றி இருக்கு, தேடுங்க” என்றால், சற்று நேரத்தில் ஒரு கை குதிரையைத் தொட்டுவிடுகிறது. ஆனந்துக்கு அந்த ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உலகச் சாம்பியன் தவறு செய்வார் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

எதிர்பார்ப்பைப் போலவே பழக்கமும் கண்ணை மறைக்கிறது. 1973இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டநிலைகளைச் சில விநாடிகள் காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் புதியவர்களைவிட மிக அதிகமான காய்களை நினைவிலிருந்து சரியாக அடுக்கினார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டியபோது புதியவர்களைப் போலவே தடுமாறினார்கள். பழகிய அமைப்புகளைத்தான் அவர்களின் கண் பற்றுகிறது. பழகாத வழியில் வெற்றி ஒளிந்திருந்தால் கண் அங்கே போவதேயில்லை. 2018இல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன் பட்டப் போட்டியில் கருவானாவுக்கும் அதுதான் நேர்ந்தது. கார்ல்சனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில், குதிரையைத் தானே ஜி1 கட்டத்துக்குள் அடைத்துக்கொண்டால் வெற்றி என்று கணினி காட்டியது. எந்த மனிதனுக்கு அது தோன்றும்? ஆட்டம் சமனில் முடிந்தது.

இறுதிக்கட்டத்துக்குக் கணினி இன்று ஒரு முழுப் பட்டியலே வைத்திருக்கிறது. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களுக்கு மேல் இல்லாத எந்த நிலையானாலும் வெற்றியா, சமனா என்று ஐயமின்றிச் சொல்லிவிடும். ஆட்டம் முடிந்து பார்க்க அது அருமையான துணை. ஆனால் ஆட்டத்தின்போது வெற்றி இருக்கிறதென்று யாரும் சொல்வதில்லை; அதனால் பயிற்சிக்கு நான் கேட்பது வேறு: பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புதிர்களில் பாதியிலாவது வெற்றி இருக்கக் கூடாது, எதில் இருக்கிறதென்றும் சொல்லக் கூடாது.