இரண்டாம் சனியும் பனிமலையும்

பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், எங்கள் சண்டிகர் கிளைக்கு வந்த ஓய்வூதியர் ஒருவர், முகப்பில் அமர்ந்திருந்த ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உங்கள் எல்லோருடைய மூக்கும் ஏன் ஒன்றுபோலச் சிவந்திருக்கிறது?” என்று கேட்டார். காரணம் எளியது. முதல் நாள் நாங்கள் நார்க்கண்டாவில் பனிச்சறுக்கிக்கொண்டிருந்தோம். புதிதாய்ப் பெய்த பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடும். அங்கே வெயில் மேலிருந்து மட்டுமன்றிக் கீழிருந்தும் சுடும்.

வாடிக்கையாளர்களாகிய நீங்கள் எங்களை முகப்புக்கு அப்பால் மட்டுமே காண்கிறீர்கள். கணக்குப் புத்தகத்துக்கு வெளியே எங்களுக்குள்ள கூட்டு வாழ்வைப் பற்றியும் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

வங்கி அலுவலர்க்கு இடமாற்றம் உடன்பிறந்தது. எங்கள் கிளையில் பஞ்சாப், ஹிமாசலம், பீகார், ஒடிசா, தமிழகம் எனப் பல மாநிலத்தவர் உள்ளனர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்க்கு மாலையில் காத்திருப்பது வெறும் அறைதான். அந்தத் தனிமைக்கு மருந்தாகவே எங்கள் மனமகிழ் மன்றம் நடைபெறுகிறது. ஜனவரியில் லோஹ்ரி நெருப்பைச் சுற்றி நின்று நிலக்கடலையும் எள் மிட்டாயும் உண்போம்; மறுநாளோ அதற்கடுத்த நாளோ உணவறைக் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் பொங்கும். சக ஊழியர் மருத்துவமனையில் இருந்தால் யார் எந்த இரவு துணையிருப்பது என்பதற்கும் மன்றத்தில் ஒரு பட்டியல் உண்டு.

ஆண்டுக்கொரு முறை பனிமலைப் பயணம். 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறையாயின. அதன் பின்னரே இப்பயணம் எங்களுக்குக் கைகூடியது. வெள்ளி இரவு புறப்பட்டால் சனி காலையில் நார்க்கண்டா. சிம்லாவைத் தாண்டி 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அது. குல்மார்க்கைப் போல ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஏற்றிச்செல்லும் கம்பிவட ஊர்தி அங்கில்லை. 2011ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளைக் கண்ட ஔலியின் புகழும் இல்லை. ஆனால், இரண்டு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவு என்பதே எங்களுக்குப் பெரும் வசதி.

செலவுக்கும் வங்கி வழியையே கையாளுகிறோம். ஒவ்வொருவரும் மாதம் 500 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்துகிறோம். பன்னிரண்டு மாதத்தில் 6,000 ரூபாயும் வட்டியும் சேர்கின்றன. பேருந்து, தங்குமிடம், பயிற்சியாளர், வாடகைப் பலகை ஆகியவற்றில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். கடன் வாங்கிச் சுற்றுலா செல்வதை விட, சேர்த்துக்கொண்டு செல்வதில் திரும்பி வந்த பின்னும் மன அமைதி இருக்கிறது. பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்திலும் அனைவரும் சேர்ந்திருக்கிறோம். ஆண்டுக்கு 20 ரூபாயில், விபத்தால் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் காப்பு கிடைக்கும்.

பனிச்சறுக்கில் முதற்பாடம் விழுவதுதான். முன்னாலோ பின்னாலோ சாயாமல் பக்கவாட்டில் விழவேண்டும். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைக்கவேண்டும். இல்லையேல் நாம் எழுமுன் அவை கிளம்பிவிடும். அடுத்த பாடம் நிற்பது. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, உட்புற விளிம்புகளைப் பனியில் அழுத்தினால் வேகம் தணியும். முதல் நாளில் மேலாளரும் கடைநிலை ஊழியரும் ஒரே குழியில் விழுந்து, ஒருவர் கையைப் பிடித்து மற்றவர் எழுகிறார்கள். அதன் பிறகு அலுவலகத்தில் ஒருவரிடம் மற்றவர் ஐயம் கேட்பதற்குத் தயங்குவதில்லை.

எனினும், ஓர் ஆண்டு நாங்கள் தலைகுனியவும் நேர்ந்தது. கிளையின் காப்பறையைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். அவை இரு வேறு அலுவலர் பொறுப்பில் இருக்கும். விடுப்பில் செல்பவர் பதிவேட்டில் கையொப்பமிட்டுச் சாவியை ஒப்படைப்பார். வாரவிடுமுறை விடுப்பாகாது என்பதால், எங்களுள் ஒருவர் தம் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு மலையேறிவிட்டார். ஞாயிறு பிற்பகல் தொடங்கிய பனிப்பொழிவு நிற்கவில்லை. குஃப்ரி அருகே சாலை அடைபட்டது. அன்றிரவைப் பேருந்திலேயே கழித்தோம்.

திங்கள் காலை பத்து மணிக்கு, பேத்தியின் திருமணத்துக்குப் பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்து நகை எடுக்க ஒரு மூதாட்டி வந்திருந்தார். காப்பறையைத் திறக்க இயலவில்லை. வேறு கிளையில் இருந்த மாற்றுச் சாவியை, மேலிட அனுமதி பெற்றுக் கொண்டுவருவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. மாலைத் திருமணம் தடைபடவில்லை. ஆனால், மூன்று மணிநேரம் அவர் பிடித்திருந்த கைப்பையையும், சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்த கண்களையும் தலைமைக் காசாளர் எங்களிடம் விவரித்தபோது, எவரும் வாய்திறக்கவில்லை. மறுநாள் அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

அதற்கடுத்த மன்றக் கூட்டத்தில் மூன்று விதிகள் எழுதப்பட்டன. சாவி மலையேறக் கூடாது. வெள்ளி மாலையே கையொப்பத்துடன் கைமாறவேண்டும். அனைவரும் ஒன்றாகச் செல்லக் கூடாது. பாதிப்பேர் இரண்டாம் சனி, மீதிப்பேர் நான்காம் சனி. ஞாயிறு நண்பகலுக்குள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கீழிறங்கத் தொடங்கவேண்டும்.

இவ்விதிகளுக்கு முன்பும் பின்பும் ஒரு முறையும் மலைக்கு வராதவர் எங்கள் தலைமைக் காசாளர். எப்போது அழைத்தாலும், “சாவி யாரிடம்?” என்று கேட்பார், பிறகு தாமே இருந்துகொள்வார். அவர் ஓய்வுபெறும் ஆண்டில், கிளையின் இளைய அலுவலர் ஒருவர் தாமாக முன்வந்து, “இம்முறை சாவி என்னிடம்” என்றார். காசாளர் பதிவேட்டில் கையொப்பத்தை இருமுறை சரிபார்த்துவிட்டே பேருந்தில் ஏறினார்.

நார்க்கண்டாச் சரிவில் அவர் பதினோரு முறை விழுந்தார். எண்ணிக்கையை அவரே சொன்னார். வாழ்நாள் முழுதும் எண்ணியவர் அல்லவா? ஞாயிறு நண்பகலில் எல்லோருக்கும் முன்னதாக அவர் பேருந்தில் அமர்ந்திருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காப்பறை திறந்தது. மூக்குகள் மட்டும் சிவந்திருந்தன.